வந்துட்டேன்னு சொன்ன வண்டி

கீழ்பென்னாத்தூரில் கட்சிச் சண்டை உண்டு, வரப்புச் சண்டை உண்டு, கூழ் ஊற்றும் திருவிழாவில் யாருக்கு முதல் மாலை என்கிற சண்டையும் உண்டு. ஆனால் ஒரு பாட்டுக்காக டீக்கடை இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்தது இந்த வருஷம்தான்.

இத்தனைக்கும் அது பெரிய பாட்டொன்றும் இல்லை. ஓர் ஒப்பாரி. ஒரு பையன் கிடார் வாசிக்கிறான், ஒரு பெண் நிமிர்ந்து நின்றுகொண்டு பாடுகிறாள். மொத்தமே இரண்டு பேர்தான். தங்களுக்கு 'ஓலைவெடி' என்று பேர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பையன் எழில், வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதுசாக முளைத்த வீடுகளில் ஒன்றில் இருப்பவன். பெண் அபிநயா, உள்ளூர்க்காரி, செத்துப்போன இராமலிங்கத்தின் ஒரே மகள். அப்பன் செத்த அன்றைக்கு அம்மா ஜோதியம்மாள் எதைப் பாடி அழுதாளோ, அதைத்தான் இந்தப் பெண் கிடாரோடு பாடி யூடியூபில் போட்டுவிட்டாள்.

அவ்வளவுதான், ஊர் வாய் திறந்துகொண்டது. எழவு வீட்டில் பாடுவதற்குத் தாளம் போட்டு ஆடுகிறதா, கல்யாணமாகாத பெண் ஒப்பாரி பாடினால் விளங்குமா என்றது ஒரு கட்சி. நம் வீட்டுப் பெண்கள் பாட்டைச் சென்னையில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள், உங்களுக்கு ஏன் எரிகிறது என்றது மறு கட்சி. பாட்டு நன்றாக இருக்கிறது, கிடார்தான் தகர டப்பாவை உருட்டுகிற மாதிரி இருக்கிறது என்று நடுவில் நின்றவர்களும் இருந்தார்கள். கிடார் மட்டும் போதும், அந்தப் பெண் வாயை மூடினால் தேவலை என்று ஒரு புண்ணியவான் யூடியூபில் எழுதியிருந்தான். எல்லாருக்கும் பிடித்த மாதிரி பாட அண்ணாமலையாரே கீழே இறங்கி வந்தாலும் முடியாது.

ஆனால் திட்டினவனும் புகழ்ந்தவனும் முணுமுணுத்தது ஒரே வரியைத்தான்.

*மல்லாட்டக் கொல்லையில மகராசன் கால்தடம்* என்று வேர்க்கடலைக் கொல்லையில் பாட்டு மெல்ல ஆரம்பிக்கும். கொல்லை, களம், கிணறு என்று சுற்றிவிட்டு வீட்டு வாசலுக்கு வரும். அங்கே கிடார் உயர, அபிநயா குரலை ஏற்றுவாள்:

*வந்துட்டேன்னு சொன்ன வண்டி*
*வாசலுக்கு வரலியே,*
*பாத்த கண்ணு பாத்தபடி*
*மூடவுந்தான் தோணலியே!*

பஸ் வராத நிறுத்தத்தில் எல்லாம் காலேஜ் பிள்ளைகள் இதைப் பாடி வீடியோ எடுத்துப் போட்டார்கள். காதலன் ஏமாற்றிய பெண்கள் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அந்த வண்டி எமனுடைய வண்டி என்றார் ஒருவர். இல்லை, வரேன் வரேன் என்று சொல்லி வராத மழை என்றார் இன்னொருவர். தேர்தல் வாக்குறுதி என்றுகூட ஒருவர் பேசினார்.

அது எமனும் இல்லை, மழையும் இல்லை. குமரேசனின் வெள்ளை வேன்.

குமரேசன் இராமலிங்கத்தின் கூடப்பிறந்த தம்பி, அபிநயாவுக்குச் சித்தப்பா. பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுற்று வட்டார ஜனங்களைக் கிரிவலத்துக்கு ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவன் தொழில். அந்தப் பாட்டை அவன் முதலில் கேட்டதும் வண்டிக்குள்தான். சாயங்காலம், வண்டி நிறையப் பெண்கள். பின்சீட்டில் ஒரு பெண் போனில் பாட்டைப் போட, வண்டியே சேர்ந்து பாடிக்கொண்டு வந்தது. வாசலுக்கு வரலியே என்ற இடத்தில் குமரேசனுக்குக் கை வழுக்கி, எதிரே வந்த டிராக்டரில் மோதாமல் மயிரிழையில் தப்பினான். "ஏய், அத நிறுத்துடி" என்று வண்டியில் இருந்த கிழவி ராணியம்மாள் அந்தப் பெண்ணை அதட்டினாள். அதட்டிவிட்டு, கண்ணாடியில் ஒரு முறை குமரேசனின் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். பெரிய மனுஷி, அவளுக்கும் இந்தப் பாட்டு பிடிக்கவில்லை என்று அவன் எடுத்துக்கொண்டான்.

மறுநாளிலிருந்து எதிர்க்கட்சிக்குத் தலைவன் அவன்தான். "செத்த வீட்டுல பாடறது கருமாதியோட முடிஞ்சிடணும். அதுக்கப்புறம் அத வாயால சொல்லக்கூடாது. ராணியம்மாளே வண்டியில நிறுத்தச் சொல்லுச்சு, கேட்டுப் பாருங்க" என்று போகிற இடமெல்லாம் பேசினான். சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பக்கத்தில் வழக்கம் அப்படித்தான். தாலி இழந்தவள் அன்றைக்கு யாரை வேண்டுமானாலும் பாட்டில் வைத்து ஏசலாம், மாமியாரை, நாத்தனாரை, பங்காளியை. ஏன் பாடினாய் என்று யாரும் கேட்கக்கூடாது. கருமாதி முடிந்தபின் அவளும் அதை எடுக்கக்கூடாது. இந்த நல்ல வழக்கத்துக்குப் பின்னால் குமரேசன் பத்திரமாக ஒளிந்துகொண்டான். பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் அருள்ராஜ் அவனோடு சேர்ந்ததும் அவனுக்கு இன்னும் தெம்பு வந்துவிட்டது. பண்பாடு, மரபு என்று அவர் பேசப்பேச, தான் பயப்படுவது பண்பாட்டுக்காகத்தான் என்று அவனே பாதி நம்பத் தொடங்கியிருந்தான்.

மீதிப் பாதிக்கு உண்மை தெரியும்.

வேன் ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு வாய்ப்பழக்கம் உண்டு. எங்கே இருக்கிறாய் என்று போனில் கேட்டால், லுங்கியோடு வீட்டில் பல் விளக்கிக்கொண்டு இருந்தாலும், "வந்துட்டேன்" என்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சித்ரா பௌர்ணமி. ஜனங்கள் மலையைச் சுற்றப் போயிருந்தார்கள். குமரேசன் வண்டியை வேங்கிக்கால் பக்கம் நிறுத்திவிட்டு, மற்ற டிரைவர்களோடு சீட்டாடிக்கொண்டிருந்தான். அப்போது அண்ணி போன் செய்தாள். அண்ணனுக்கு மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரிக்குப் போகணும், வண்டியைக் கொண்டுவாங்க என்றாள். "வந்துட்டேன் அண்ணி" என்றான். சொன்னது வாய்தான், ஆள் எழுந்திருக்கவில்லை. பௌர்ணமியில் ஒரு தடவை வண்டியை வெளியே எடுத்தால் அந்த இடம் போய்விடும், விடியும் வரை திரும்ப உள்ளே வர முடியாது. அண்ணனுக்கு மூச்சிரைப்பு புதுசும் இல்லை. தைலம் தடவினால் எப்போதும் போலச் சரியாகிவிடும் என்று நினைத்தான். மறுபடி போன் அடித்தபோது அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

கொழுந்தன் வந்துகொண்டிருக்கிறான் என்று நம்பி ஜோதியம்மாள் வேறு யாரையும் கூப்பிடவில்லை. இராமலிங்கம் வாசலைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தான். விடிந்ததும் ஓடிவந்த குமரேசன், போனில் சார்ஜ் இல்லை, கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அழுகை நிஜம் மாதிரிதான் இருந்தது. பெண்கள் உள்ளே ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு பாடியபோது அவன் பந்தலுக்கு வெளியே ஆண்களோடு நின்றான். மேளச் சத்தத்தில் உள்ளே யார் என்ன பாடினார்கள் என்பது ஆண்கள் யாருக்கும் கேட்கவில்லை. ஆகவே தான் வந்துட்டேன் என்று சொன்னது ஊரில் யாருக்கும் தெரியாது என்று இரண்டு வருஷமாக நிம்மதியாக இருந்தான்.

அந்த நிம்மதியை அவனே போட்டு உடைத்தான். வேறு யாரும் உடைக்கவில்லை.

வேங்கிக்கால் மைதானத்தில் ஓலைவெடி பாடப்போகிறது என்று நோட்டீஸ் ஒட்டிய வாரம், கச்சேரிக்கு முந்தின நாள். சக்திவேலின் டீக்கடையில் காலையிலேயே சண்டை களைகட்டியிருந்தது. சக்திவேல் ஓலைவெடி கட்சி. வேண்டுமென்றே அந்தப் பாட்டைத்தான் போட்டுவிட்டு டீ ஆற்றுவான்.

"அந்த வரிக்கு அர்த்தமே இல்லையே" என்றார் அருள்ராஜ். "எமன் வண்டி வரலன்னா ஆளு எப்படிச் சாவான்?"

கடை சிரித்தது. குமரேசனும் மனம்விட்டுச் சிரித்தான்.

"எமன் எங்க சார் வந்தான்?" என்றான் சக்திவேல். "எவனோ ஒரு டிரைவருதான். வந்துட்டேன்னு சொல்லிட்டு, எங்கியோ தண்ணியப் போட்டுட்டு கவுந்து கெடந்திருப்பான்."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் குமரேசனுக்கு ஒரு கர்வம் உண்டு. இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை என்பதுதான் அது. அது சுருக்கென்று எழுந்துகொண்டது.

"யாருய்யா தண்ணி போட்டது? நான் மோந்துகூட பாத்தது கெடையாது! வண்டிய எடுத்தா எடம் பூடும்னு ஒக்காந்துகினு இருந்தேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவன் காதிலேயே விழுந்தது.

அருள்ராஜ் செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். சக்திவேல் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் போய், பாட்டை அணைத்தான். எத்தனை தடவை அணைடா என்று குமரேசன் கத்தியும் அணைக்காதவன், இப்போது யாரும் கேட்காமலே அணைத்தான். திட்டியிருந்தால்கூடப் பதிலுக்குத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தபோது பெஞ்சில் இருந்தவர்கள் வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார்கள். குமரேசனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

வீட்டுக்கு வந்து மனைவி சரசுவிடம், "மானம் போச்சு சரசு. அந்த வண்டி யாரோடதுன்னு ஊருக்கே தெரிஞ்சிப் போச்சு" என்றான்.

சரசு அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஆம்பளைங்களுக்கு இன்னிக்குத் தெரிஞ்சிதா?"

"இன்னா சொல்ற நீ?"

"அக்கா அழுவும்போது தோள்ல கை போட்டுகினு ஒக்காந்திருந்தது யாரு? நான்தான். அக்கா அந்த அடிய எடுத்துக் குடுத்துச்சு, நாங்க எல்லாரும் திருப்பிப் பாடினோம்."

"நீயுமா பாடின?"

"நானும்தான்." களைந்த தண்ணீரைக் கொட்டினாள். "எழவுல பாடுனத வெளியில சொல்லக் கூடாதுன்னு இப்ப ஊரு ஊராப் போயி சொல்றீங்களே, நாங்க எல்லாம் அப்பலருந்து சொல்லாமத்தான் இருக்கோம்."

குமரேசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அவன் வண்டியில் ஏறிய பெண்கள், "இன்னா தம்பி, சௌக்கியமா" என்று கேட்டபடி பின்னால் போய் உட்கார்ந்த பெண்கள், அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அவன் வண்டியில் ஏறியிருக்கிறார்கள். ராணியம்மாள் பாட்டை நிறுத்தச் சொன்னது பாட்டு பிடிக்காமல் அல்ல, அவனைப் பார்த்துப் பாவப்பட்டு. அந்தக் கிழவியின் இரக்கத்தைத் தன் கட்சிக்குச் சாட்சியாக ஊரெல்லாம் இழுத்துக்கொண்டு திரிந்ததை நினைத்தபோது அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அத்தோடு அடங்கியிருந்தால் அவன் நல்ல மனுஷன். வெட்கம் மனுஷனை அடங்க விடுகிறதா? பெண்களுக்குத் தெரிந்தாயிற்று, டீக்கடைக்கும் தெரிந்தாயிற்று, மைதானத்தில் மைக் வைத்து அதைப் பாட வேண்டாம் என்றாவது கேட்கலாமே என்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனான்.

ஜோதியம்மாள் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அபிநயாவும் எழிலும் கூடத்தில் உட்கார்ந்து கிடாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க தம்பி" என்றாள் ஜோதியம்மாள், எப்போதும் போல.

அவன் அவளைப் பார்க்காமல் அபிநயாவிடம் பேசினான். "பாட்டு நல்லாத்தாம்மா இருக்குது. நான் ஒண்ணும் சொல்லல. அந்த ஒரு அடி மட்டும் நாளைக்கு வேணாமே. வழக்கம்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

"எந்த அடி சித்தப்பா?" என்றாள் அபிநயா.

அவளுக்குத் தெரியும். சொல்ல வைக்கிறாள். அவன் சொல்லவில்லை. எழில் கிடாரைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தான்.

"அந்த அடி இல்லன்னா அது பாட்டே இல்ல சித்தப்பா. யாரையும் திட்டறதுக்கு அத நான் பாடல. அப்பா பாத்துகினே இருந்ததப் பாடறேன். நான் பக்கத்துல ஒக்காந்திருந்தேன். வண்டிச் சத்தம் கேக்கறப்ப எல்லாம் தலையத் தூக்கித் தூக்கிப் பாத்தாரு."

குமரேசன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். இதை இதுவரை யாரும் அவனிடம் சொன்னதில்லை.

"போதும் விடு" என்று மகளை அடக்கினாள் ஜோதியம்மாள். பிறகு அவனிடம், சாதாரணமாகத்தான் கேட்டாள்: "நாளைக்கு நானும் போயி பாக்கணும் தம்பி. சாயங்காலம் வண்டி வருமா?"

வாய் பழக்கத்தில் "வந்துட்..." என்று ஆரம்பித்துவிட்டது. பாதியில் விழுங்கிவிட்டு, "வரேன் அண்ணி" என்றான்.

மறுநாள் மத்தியானமே வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டான். அவள் சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து, புடவை மாற்றிக்கொண்டு வருகிற வரை வெயிலில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். எதற்கு இப்படி முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறோம், இதனால் எது சரியாகிவிடப்போகிறது என்று அவனுக்கே கேவலமாக இருந்தது.

ஜோதியம்மாள் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். ஊர் தாண்டி மலை கண்ணில் பட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு மலையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அந்த அடிய இன்னிக்குப் பாட மாட்டா. நான் சொல்லிட்டேன். கோவம்தான் அவளுக்கு, ஆனா நான் சொன்னா கேப்பா."

குமரேசனுக்கு அப்பாடா என்றிருந்தது. உடனே, அந்த அப்பாடாவை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. "சரிங்க அண்ணி" என்று சொல்லி ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

மைதானத்தில் நல்ல கூட்டம். கீழ்பென்னாத்தூரின் இரண்டு கட்சியும் வந்திருந்தது. சக்திவேல் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தான். அருள்ராஜ் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை ஹாலில் நிற்கிற மாதிரி நின்றார். வேன் ஏறி வருகிற பெண்கள் ஒரு பக்கமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ராணியம்மாள். குமரேசன் அண்ணிக்கு ஒரு நாற்காலி பிடித்துக் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் நின்றான்.

ஓலைவெடி நாலைந்து பாட்டுப் பாடியது. நன்றாக இருக்கிறது என்றார்கள், இரைச்சல் என்றார்கள், பொண்ணு பரவாயில்ல என்றார்கள். பிறகு கிடார் அந்த மெல்லிய ஆரம்பத்தை எடுத்தது.

"எழவுப் பாட்டு வேணாம்" என்று பின்னால் இருந்து ஒரு குரல். "பிடிக்கலன்னா எழுந்து போய்யா" என்று இன்னொன்று. அபிநயா எதையும் காதில் வாங்காமல் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். கொல்லை வந்தது, களம் வந்தது, கிணறு வந்தது. மைதானம் அடங்கிவிட்டது. வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது கிடார் உயர்ந்தது, உயர்ந்து அப்படியே நின்றது. அபிநயா கண்ணைத் திறந்து அம்மா இருந்த பக்கம் பார்த்தாள். மைக்கிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்து, வாயை மூடிக்கொண்டாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள் பெண்.

ஆனால் கூட்டத்துக்கு அது எப்படித் தெரியும்? பாடகி மைக்கை விட்டு நகர்ந்தால், நீங்கள் பாடுங்கள் என்று அர்த்தம். எந்தக் கச்சேரியிலும் அப்படித்தான். மைதானம் மொத்தமும் ஒரே வாயாக எடுத்துக்கொண்டது.

*வந்துட்டேன்னு சொன்ன வண்டி*
*வாசலுக்கு வரலியே!*

வேண்டாம் என்று கத்தினவன் பாடினான். சக்திவேல் பாடினான். வேன் பெண்கள், எழவு வீட்டில் செய்த மாதிரியே, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு பாடினார்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்ற அருள்ராஜின் உதடும் அசைந்தது. அந்தப் பாட்டு நல்லதா கெட்டதா என்று மாதக்கணக்காக அடித்துக்கொண்ட ஜனங்களுக்குள் இப்போது ஒரு வேறுபாடும் இல்லை. எழில் ஒன்றும் செய்யத் தோன்றாமல் கிடார் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். கூட்டம் கைதட்டித் தாளம் போட்டு மறுபடியும் அதே வரியை எடுத்தது.

குமரேசனால் நிற்கவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. அண்ணி இப்போது என்ன முகத்தோடு இருப்பாள், இத்தனை ஜனமும் தனக்காகப் பாடுகிறதே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்திருக்கும், நிறையட்டும், அதுதான் நியாயம் என்று நினைத்துக்கொண்டு மெல்லத் திரும்பிப் பார்த்தான்.

ஜோதியம்மாள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். தப்புச் செய்து பிடிபட்டவள் போல முகத்தைக் காட்ட முடியாமல் இருந்தாள். அவன் பார்ப்பது தெரிந்ததும் இன்னும் குறுகிப்போய், அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. அவகிட்டத்தான் நான் சொல்ல முடிஞ்சுது. இவங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

அவளா அவனிடம் கேட்பது? வாசலில் வண்டி வரும் என்று புருஷனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தவள், அந்த வண்டிக்காரனின் மானத்துக்காகத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். செத்த வீட்டில் வராத அழுகை, இரண்டு வருஷம் கழித்து, அத்தனை ஜனத்துக்கு நடுவில் குமரேசனுக்கு வந்தது. அன்றைக்கு அழுதது ஊர் பார்க்க. இன்றைக்கு யாரும் பார்க்கக் கூடாதே என்று முகத்தை மூடப் பார்த்தான், முடியவில்லை. அவள் நாற்காலி ஓரத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

கூட்டம் மூன்றாவது தடவையாக அந்த வரியை எடுத்தது.

"பாடட்டும் அண்ணி" என்றான். "சரியாத்தான் பாடறாங்க."